அம்மாவின் குதிகால்

ஜூலை 23 அன்று எங்கள் வீட்டில் அடுப்பு தாமதமாகத்தான் எரியும். காலையிலேயே அம்மாவும் நாங்கள் மூன்று பேரும் கொக்கிரகுளம் ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிடுவோம். 1999ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில், போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள் அல்லவா, அவர்களுக்குப் பூப் போட. டவுணிலிருந்து நடந்தேதான் போக வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். மூன்று வருடங்களுக்கு முன்பு ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் வருவதற்குள் ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்க மக்கா. எனக்குக் கால ஊனவே முடியல."

அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடியுமுன்னே ரத வீதியில் துடைப்பத்தோடு நிற்பவர். குதிகால் வலி அதற்கும் ஒரு வருடம் முன்பே வந்துவிட்டது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. காலையில் பாயைவிட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறுகிற மாதிரி இருக்கும், பத்தடி நடந்தால் கொஞ்சம் அடங்கும். செங்கல்லைச் சுடவைத்து எருக்கிலை போட்டு மிதிப்பார், போய்விடுவார். விடுப்பு கேட்டால் அன்றைய கூலி போச்சு. மேஸ்திரியோ "நடிக்காத" என்பார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பெயர் வேண்டாம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "எலும்பு வளர்ந்திருக்கு" என்று மாத்திரை எழுதினார். அந்த எலும்பு முள் வலியே இல்லாத பலரின் குதிகாலிலும் இருக்கும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கிளம்பும்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கெல்லாம் உழைச்ச உடம்பு. தாங்கும்மா."

"உங்களுக்கெல்லாம்" என்றால் யாருக்கு? அதைக் கேட்காமல் வந்துவிட்டோம். இன்றுவரை உறுத்துகிறது.

அம்மாவின் உடம்பு தாங்கிக்கொண்டிருக்கவில்லை. நாள்பட நாள்பட நேர்மாறாகத்தான் ஆனது. முதலில் குதிகால் மட்டும். பிறகு கெண்டைக்கால். பிறகு போர்வை உரசினாலே கூசியது. இது ஏன் என்று தேடிப் படித்தோம். குதிகாலிலிருந்து விரல்கள்வரை பாதத்துக்கு அடியில் ஓடும் தடித்த நார்த்திசுவில்தான் கோளாறு தொடங்குகிறது. ஆனால் மாதக்கணக்கில் அங்கிருந்து வலிச் செய்தி போய்க்கொண்டே இருந்தால், அதை வாங்கும் தண்டுவட நரம்புகளே சிலருக்கு மாறிவிடுகின்றன. சின்னச் செய்திக்கும் பெரிதாகக் கத்துகின்றன. வலியைத் தணிக்க மூளையிலிருந்து கீழே இறங்கும் கட்டளையும் வலுவிழக்கிறது. தண்டுவடத்தில் இப்படி மாற்றம் நடப்பதை 1983ல் கிளிஃபோர்ட் வூல்ஃப் சோதனையில் காட்டினார். தூக்கமின்மையும் ஓயாத கவலையும் இதை இன்னும் கூட்டும். மூன்றரை மணிக்கு எழுந்து, நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாமல் படுக்கிறவருக்கு இரண்டுக்கும் பஞ்சமில்லை.

இதைச் சொன்னபோது அம்மா முகம் வாடிவிட்டது. "அப்போ எல்லாம் என் மண்டையிலதான் இருக்குங்கியளா? மேஸ்திரியும் அதத்தான சொல்லுதான்."

இல்லை. தோழர்களே, இந்த இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். நரம்பு மாறியிருக்கிறது என்பதும் மனப்பிரமை என்பதும் ஒன்றல்ல. எக்ஸ்ரேயில் தெரியாததால் வலி பொய்யாகிவிடாது. ஒருவர் வலிக்கிறது என்றால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கமே 2020ல் திருத்திய வரையறையின் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் யார் சொல்லுக்கு மதிப்பு கிடைக்கிறது? 2016ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளை மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டபோது, ஏறத்தாழ பாதிப்பேர் கறுப்பர்களின் உடம்பைப் பற்றிய பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். தோல் தடிமன் என்பது அதில் ஒன்று. அப்படி நம்பியவர்கள் கறுப்பரின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். "உழைச்ச உடம்பு" என்பது அதன் திருநெல்வேலிப் பதிப்பு. மேலத்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்ன ஊர்கள் நம் காலுக்கு வலிக்கும் என்று என்றைக்கு நினைத்தன?

பிறகு வேறொரு மருத்துவமனையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவை உட்காரவைத்து அரைமணி நேரம் கேட்டார். முதல் கேள்வியே "தூக்கம் எப்படிம்மா?" எம்.சி.ஆர் செருப்பு வாங்கச் சொன்னார். துண்டைச் சுருட்டி விரலுக்கடியில் வைத்து, படியில் நின்று குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்கும் பயிற்சி கொடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள். லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம், மறுநாள் கூடினால் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் மறைக்கவில்லை.

செருப்பு வாங்கினோம். ரத வீதியில் தண்ணீர் தேங்கிய நாளில் அதன் வார் பிய்ந்தது. வேலைக்கான காலணி ஒப்பந்தக்காரர் தர வேண்டியது. அதற்கு அம்மாவும் அவரோடு பெருக்குகிற ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். எழுதியது நாங்கள். குதிகால் வலி என்று எழுதலாமா என்று கேட்டதற்கு, பத்துப் பேரில் ஆறு பேர் தங்களுக்கும் இருப்பதாகச் சொன்னார்கள். அதுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

இந்த ஜூலையில் அம்மா மேம்பாலம்வரை ஆட்டோவில் வந்தார். அங்கிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தார். இரண்டு இடத்தில் நின்றார். நாங்களும் நின்றோம்.