திறக்க மறுத்த போல்ட்

2020ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்போடு உத்தரப் பிரதேசக் காவல்துறை தன் பழைய .303 துப்பாக்கிகளுக்கு விடை கொடுத்தது. அச்செய்தியை நாளிதழில் கண்டபோது என் மனம் 1978ஆம் ஆண்டின் மழைக்காலத்துக்குச் சென்றுவிட்டது. அம்மாநிலத்துக் காவலர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் ஆயுதக் கிடங்கில் நான் உதவியாளனாகச் சேர்ந்து அப்போது ஆறு மாதமே ஆகியிருந்தது. இந்தி இன்னும் நாவில் படியவில்லை. மாதந்தோறும் ஊருக்கு அனுப்ப வேண்டிய மணியார்டர் ஒன்றே என்னை அங்கே நிறுத்தி வைத்திருந்தது.

எனக்கு மேலிருந்த ஆர்மரர், இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த திருநெல்வேலிக்காரர். அவரை நான் அண்ணாச்சி என்றே அழைப்பேன். துப்பாக்கியைக் கையில் எடுத்தால் வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் பார்ப்பார்.

சாந்த்மாரி என்று அங்கு வழங்கும் சுடுதளத்தில் ஒருநாள் புதிய காவலர்களுக்குக் குறி பார்த்துச் சுடும் தேர்வு நடந்தது. கிராமத்திலிருந்து வந்த மெலிந்த இளைஞன் ஒருவன் முதல் தோட்டாவைச் சுட்டான். போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்க அவனால் இயலவில்லை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டித் திறந்தான். இரண்டாவது தோட்டாவுக்கும் அதே கதி. “கையில் வலுவில்லாதவனுக்குக் காவல் வேலை எதற்கு? ஊருக்குப் போய் மாடு மேய்!” என்று பயிற்றுநர் கடிந்தார். “பூட்ஸ் காலால் உதைத்துத் திற” என்றும் கட்டளையிட்டார்.

“உதைக்க வேண்டாம், அது ஏன் இறுகியது என்று முதலில் பார்ப்போம்” என்று இந்தியில் தடுத்தபடி அண்ணாச்சி முன்னே வந்தார். குழல் இலக்கை நோக்கியே இருக்க, நிதானமாகப் போல்ட்டைத் திறந்து, எஞ்சிய தோட்டாக்களை அகற்றினார். பிறகு வெற்றுத் துப்பாக்கியின் போல்ட்டை நான்கைந்து முறை இயக்கினார். தங்குதடையின்றி இயங்கியது. ஆகவே போல்ட்டில் அழுக்கோ தேய்மானமோ இல்லை. போல்ட்டில் பொறித்த எண்ணையும் துப்பாக்கியின் எண்ணையும் ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றே; ஆதலால் ஒன்றன் போல்ட் மற்றொன்றில் மாறிப் புகவுமில்லை. பயிற்சிக்கான போலித் தோட்டாவை இட்டுப் பார்த்தார். எளிதாக உள்ளே போய் எளிதாக வெளியே வந்தது.

“தம்பி, இதுல ஸ்பிரிங் இறுகுறது போல்ட்டை மூடும்போதுல்லா? தெறக்கும்போது கைக்கு வேலையே கெடையாது. சுட்ட பெறகு மட்டும் இறுகுதுன்னா, கோளாறு சேம்பர்ல இருக்கணும், இல்லைன்னா தோட்டாவுல இருக்கணும்” என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். சுட்ட பித்தளைக் கூடு ஒன்றை எடுத்து விரலால் தடவினார். விரல் பளபளத்தது. குச்சியில் துணியைச் சுற்றிச் சேம்பருக்குள் விட்டுத் திருப்பினார். துணி எண்ணெயில் நனைந்து வந்தது.

அதன் காரணத்தை அவர் பின்னர் விளக்கினார். தோட்டா வெடிக்கையில் பித்தளைக் கூடு விரிந்து, உலர்ந்த சேம்பரின் சுவரைக் கவ்விக்கொள்ளும். பின்னோக்கி வரும் விசையில் ஒரு பங்கை அந்தச் சுவரே தாங்கும். எண்ணெயோ மழைநீரோ இடையில் இருந்தால் அப்பிடி வழுக்கிவிடும். அந்தப் பங்கும் சேர்ந்து போல்ட்டின் மேல் விழும். இந்தத் துப்பாக்கியில் போல்ட்டின் பூட்டு அதன் பின்புறத்தில் அமைந்திருப்பதால், அந்த அழுத்தத்தில் போல்ட் நெளிந்து இறுகும். இறுக்கம் ஓர் எச்சரிக்கை. அதை உதைத்து அடக்குவது ஆபத்தை அழைப்பதாகும்.

அந்த எண்ணெயை இட்டவன் நான். மழைக்காலத்தில் துரு ஏறாதிருக்க எல்லாத் துப்பாக்கிகளுக்கும் தாராளமாக எண்ணெய் பூசியிருந்தேன். தேர்வுக்கு முந்தைய இரவு குழலையும் சேம்பரையும் உலரத் துடைக்க வேண்டும். மின்சாரம் போய்விடவே, கடைசி வரிசையைத் துடைக்காமல் பூட்டிவிட்டுப் படுக்கப் போனேன்.

பயிற்றுநர் அந்த இளைஞனின் தாளில் ஏதோ எழுதப் பேனாவைத் திறந்தார். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு மணியார்டர் நினைவு வந்தது. அவனுக்கும் அப்படி ஒரு வீடு இருக்கும் என்ற நினைவு அதன் பின்னரே வந்தது. அந்தத் தாமதத்தை எண்ணி இன்றும் நாணுகிறேன். “தவறு என்னுடையது, ஐயா” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் உளறிக்கொட்டினேன்.

சேம்பரைத் துடைத்து உலர்த்தியபின் அவன் எஞ்சிய தோட்டாக்களைச் சுட்டான். இரண்டே விரல்களால் போல்ட் திறந்தது. பயிற்றுநர் எழுதத் தொடங்கியதை அடித்துவிட்டார். எனக்கு ஒரு வாரச் சம்பளம் பிடித்தம் ஆயிற்று.

அன்றிரவு, நான் விட்டுவைத்த வரிசை முழுவதையும் அரிக்கேன் விளக்கொளியில் துடைத்தேன். அண்ணாச்சி அருகே முக்காலியில் பேசாது அமர்ந்திருந்தார். கடைசித் துப்பாக்கி முடிந்ததும் ஒரு வெள்ளைத் துணியை அதன் சேம்பரில் விட்டு எடுத்து, விளக்கருகே பிடித்துப் பார்த்தார். கறையில்லை.

“வா தம்பி, சாப்பிடப் போவோம்” என்றார்.