மறுபடியும் ஆபரேஷனா? நகையை அடகு வைக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க

"சார், இன்னொரு தடவை ஆபரேஷன் பண்ணா எடை இறங்குமா?"

போன வாரம் ஓபியில ஒரு அக்கா கேட்டாங்க. மணவாள நகர்க்காரங்க, வயசு நாற்பதைத் தாண்டியாச்சு. (அவங்க அனுமதியோடதான் எழுதறேன், அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தனியார் மருத்துவமனையில ஸ்லீவ் அறுவை சிகிச்சை. 116 கிலோவா இருந்தவங்க 77க்கு வந்தாங்க. இப்போ 99.

வந்தது என்னவோ சளிக்கு. எடை மெஷின்ல ஏறுங்கன்னதும் அழுதுட்டாங்க. வளையலை வச்சு ரெண்டாவது ஆபரேஷனுக்குப் பணம் ஏற்பாடு பண்றாங்களாம். வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.

நான் எம்பிபிஎஸ் டாக்டர், இந்த அறுவை சிகிச்சை செய்யறவன் இல்லை. ஆனா சர்ஜனைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நிறைய இருக்கு.

முதல்ல ஒண்ணு. ஸ்லீவ்ல இரைப்பையில முக்கால் பங்குக்கும் மேல வெட்டி எடுத்துடுவாங்க, மிச்சம் வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பசியைத் தூண்டற கிரெலின் ஹார்மோனும் குறையும். ஆனா இழந்த எடையைத் திரும்பப் பிடிக்க உடம்பு முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கும். ஸ்வீடன்ல இந்த சிகிச்சைகள் செஞ்சவங்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. முதல் ஓரிரு வருஷத்துல எடை அடிமட்டத்துக்கு வந்து, அப்புறம் கொஞ்சம் ஏறித்தான் நின்னுச்சு. அஞ்சு கிலோ ஏறினா பயப்பட வேண்டாம். அக்காவுக்கு ஏறினது 22. காரணம் தேடணும்.

"என்ன சாப்பிடுவீங்க?"

"ரெண்டு இட்லிதான் சார், சத்தியமா."

உண்மைதான். ஆனா அவங்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில நைட் ஷிப்ட். ராத்திரி முழுக்க நாலு டீ, பிஸ்கட், மிக்சர். மூணாவது இட்லியைத் தடுக்கற அதே சின்ன வயிறு, சர்க்கரை போட்ட டீயைத் தடுக்காது. வழுக்கிக்கிட்டு இறங்கிடும்.

அடுத்து, என்ன மாத்திரை எடுக்கறீங்கன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னாங்க. ரெண்டாவது தடவை கேட்டதும் பையிலிருந்து ஒரு அட்டை வந்தது. முட்டி வலிக்குன்னு ஒன்றரை வருஷமா மெடிக்கல் ஷாப்ல நேரா வாங்கிப் போடறாங்க. திருப்பிப் பார்த்தா டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு! பசியையும் கூட்டும், எடையையும் கூட்டும், சர்க்கரையையும் ஏத்தும். (இதைப் படிச்சுட்டு உடனே யாரும் தூக்கிப் போட்டுடாதீங்க. பல மாசமா எடுத்த ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. டாக்டர் பார்த்துப் படிப்படியா குறைக்கணும்.)

ஒழுங்கா எடுக்க வேண்டிய பி12, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையை ரெண்டாவது வருஷமே விட்டுட்டாங்க. ஹீமோகுளோபின் 8.6. இந்த ரத்தத்தோட மயக்க மருந்து டேபிளுக்குப் போகப் பார்த்தாங்க.

ஏன் பழைய சர்ஜன்கிட்டயே போகலைன்னேன். "ஏறிப்போய் எப்படி சார் முகத்தைக் காட்டுறது?" இந்த வெட்கம்தான் நாலு வருஷத்தைத் தின்னிருக்கு.

அப்போ மறு ஆபரேஷனே கூடாதா? அப்படிச் சொல்லலை. எண்டோஸ்கோபியும் பேரியம் எக்ஸ்ரேயும் எடுத்து, குழாய் விரிஞ்சிருக்கா, ஹயாட்டஸ் ஹெர்னியா இருக்கான்னு பார்க்கணும். மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் இருந்தா ஸ்லீவை பைபாஸா மாத்தறதுக்கு அது நல்ல காரணம். பின்லாந்துல 240 பேரை வச்சு நடந்த ஆய்வுல, 10 வருஷம் கழிச்சு உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ் செஞ்சவங்கள்ல 31 சதவீதம், பைபாஸ்ல 7 சதவீதம்தான். ஆனா ரெண்டாவது தடவை உள்ளே தழும்பு ஒட்டியிருக்கும். கசிவு, ரத்தப்போக்கு அபாயம் கூடுதல். எடையும் பொதுவா முதல் தடவை அளவுக்கு இறங்காது.

2024 ஏப்ரல்ல புதுச்சேரி இளைஞர் ஒருத்தர், 26 வயசு, பம்மல்ல ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடைகுறைப்பு ஆபரேஷனுக்குப் போய் இறந்தது ஞாபகம் இருக்கும். ஐசியூ இருக்கா, ராத்திரியில மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, இதுவரை எத்தனை மறு ஆபரேஷன் செஞ்சிருக்காங்கன்னு கூச்சப்படாம கேளுங்க. சென்னை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லயும் இந்த சிகிச்சை உண்டு, ஒரு கருத்து கேட்க நகை தேவையில்லை.

ஊசி? 2025ல மௌஞ்சாரோ, வெகோவி ரெண்டும் இந்தியாவுக்கு வந்தாச்சு. ஆபரேஷனுக்குப் பிறகு ஏறின எடைக்கும் சர்ஜன்கள் இப்ப இந்த வகை மருந்துகளைக் கொடுக்கறாங்க. ஆனா நிறுத்தினா பெரும்பாலும் எடை திரும்பும். மாசாமாசம் செலவு தாங்குமான்னு முதல்லயே கணக்குப் போடணும்.

அக்காவுக்கு ஸ்டீராய்டைக் குறைக்க ஆரம்பிச்சாச்சு, இரும்புச்சத்து போகுது. டீயில சர்க்கரை பாதி. மிக்சருக்குப் பதிலா அவிச்ச முட்டை எடுத்துட்டுப் போறாங்க, "கம்பெனி பஸ்ல நாறுதுன்னு திட்றாங்க சார்". எண்டோஸ்கோபி வர்ற வியாழக்கிழமை. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்.

வளையல் இப்போதைக்குக் கையிலதான் இருக்கு.