ஒரே பந்தி

ஞானஸ்நானப் பதிவேட்டிற் பெயர் இருத்தலாலேயே ஒருவர் சபையாராகிவிடுவரோ? நற்கருணைக்கு முழந்தாட்படியிடுங்கால் இவ்வினா எம்மை வருத்துகின்றது. தரங்கம்பாடியில் 1718இல் எழுந்த புது எருசலேம் ஆலயத்திலும் சாதிக்கோர் இருக்கை இருந்தது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையினின்று அறவே விலக்கப் பணித்தார். தஞ்சையிற் பலர் வேற்றுமையை விடாது சபையை விட்டகன்றனர். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உதயமாகி, பல பிரிவினர் ஒன்றாயினர். எனினும் கொள்வினை கொடுப்பினையிலும், சிலவூர்களிற் கல்லறைத் தோட்டத்திலும், பழைய வேலி இன்னும் நிற்கின்றது.

ஓர் அப்பத்திற் பங்குபெற்றோர் சம்பந்தம் பேசுங்கால் வேற்றாராவரேல், அப்பந்தி யாருடையது? அருகிருப்பவர் குலம் வினவாமையே சபையிற் சேர்ந்திருத்தலாம் என்பது எம் துணிபு. மாணவ நண்பர்காள்! நம் திருமண நாளில் அதற்குச் சான்று பகர்வோமாக.