எல்.சி. எடுத்தாச்சா?

ராத்திரி ஒன்பதரை மணி. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வாடகை வீடு. ஹாலில் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்டுக் கிடந்தது. மகள் உள்ளே கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஈஸி சேரில் இருந்த அப்பாவுக்கு அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. ஆனாலும் எழுந்து வரவில்லை.

வராததற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைத்தவர், ஈரத்துணியால் அந்தக் கம்ப்யூட்டரையும் ஒரு துடை துடைத்துவிட்டார். "இதைத் தொடாதீங்கன்னு எத்தனை வாட்டிங்கப்பா சொல்றது!" என்று மகள் கத்திவிட்டாள். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் அன்றிலிருந்து அந்த மேஜைப் பக்கமே போவதில்லை. மகளுக்குக் காபி கொண்டுவந்தால்கூட இரண்டடி தள்ளி ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். 32 வருஷம் மின்வாரியத்தில் கம்பம் ஏறி இறங்கியவருக்கு, சொந்த வீட்டில் ஒரு மின்சாரப் பொருளைத் தொடக்கூடாது என்றால் வலிக்கத்தானே செய்யும்?

மகளுக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. அதற்காகவே இரண்டு வளையலை அடகு வைத்து வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு அது. ஒரு வாரமாகத் திரையில் கோடு கோடாக வருகிறது. வாரன்டி சனிக்கிழமையோடு முடிகிறது. 'கார்டை மட்டும் கழற்றிக் கொண்டுவாருங்கள்' என்று கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆனால் கார்டில் செருகியிருந்த பவர் கனெக்டர் அசைய மாட்டேன் என்கிறது. பெங்களூரில் இருக்கும் மாமா பையனுக்கு போன் போட்டால், "நல்லா இழு, வந்துரும்" என்கிறான்.

நல்லா இழுத்தாள். கட்டைவிரல் நகம்தான் பிய்ந்தது. "ஆ!" என்ற சத்தத்துக்கு அப்பா உள்ளே வந்துவிட்டார்.

மேஜைக்கு இரண்டடி முன்பாகவே நின்றுகொண்டார். "ஒயரைப் புடிச்சா இழுக்கற கண்ணு?"

"வேற எதைப் புடிக்கறதுங்கப்பா? விரல் போக எடமே இல்ல."

"ஒயரை இழுத்தா, உள்ள இருக்கற பின்னு பின்னாடி கழண்டு வந்துரும். கனெக்டர் அங்கயே நிக்கும். அது சரி, எல்.சி. எடுத்தாச்சா?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லைன் கிளியர். சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தை. சப்ளையை நிறுத்தி, இந்த லைனில் இனி மின்சாரம் வராது என்று அனுமதி வாங்காமல் எந்த லைன்மேனும் கம்பியில் கை வைக்க மாட்டார். வைக்கக் கூடாது.

"ஷட்டவுன் பண்ணிட்டேங்கப்பா."

"பிளக்கு?"

பிளக் சுவரிலேயே இருந்தது. போய்ப் பிடுங்கினாள். அதோடும் அவர் விடவில்லை. லைனை ஆஃப் செய்த பிறகும் டிஸ்சார்ஜ் ராடு போட்டு, மிச்சமிருப்பதை பூமிக்கு இறக்கிவிட்டுத்தானே ஏறுவார்கள்! இதற்கு அப்படி ஏதும் உண்டா என்று கேட்டார். உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஒருமுறை சில வினாடிகள் அமுக்கினால், உள்ளே கெப்பாசிட்டர்களில் தங்கியிருப்பது பெரும்பாலும் வடிந்துவிடும். மகள் அமுக்கினாள். பெட்டிக்குள் ஒரு சின்ன லைட் மினுக்கென்று எரிந்து அணைந்தது. "பாத்தியா?" என்பதுபோல அவர் தலையாட்டினார். அடுத்து, பெயின்ட் இல்லாத இரும்புத் தகட்டைத் தொட்டுக்கொண்டாள். உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் கரன்ட் கார்டைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா? அது அவளுக்கே தெரியும்.

பெட்டியைப் படுக்க வைக்கச் சொன்னார். இப்போது கார்டு நேராக நின்றது. டார்ச் அடித்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குனிந்தார். எட்டு பின் கனெக்டர். ஆறு தனியாக, இரண்டு தனியாகப் பிரியக்கூடிய வகை. ஆறு பின் பக்கத்தில் ஒரு கொக்கி, கார்டில் இருக்கும் சின்ன மேட்டைக் கவ்விக்கொண்டிருந்தது. அந்தக் கொக்கி இருந்த பக்கம்தான் அலுமினியத் தகடுகள் இடித்துக்கொண்டு நின்றன.

"இது துணி கிளிப்பு மாதிரி கண்ணு. ஒயர் பக்கம் இருக்கற முனையை அமுக்குனா, அந்தப் பக்கத்து முனை தூக்கும். நீ அமுக்காம இழுத்தா, இன்னும் நல்லாத்தான் கவ்வும்."

"அமுக்கியும் வரலீங்கப்பா."

"மழைக்காலத்துல நம்ம ஊட்டுக் கதவு உப்பிக்கிட்டா தாழ்ப்பாளை எப்படித் தொறப்ப? கதவை ஒரு தள்ளு உள்ள தள்ளிட்டுத்தானே? அதே மாதிரி, மொதல்ல உள்ள அழுத்து. கொக்கி மேல இருக்கற பாரம் கொறையும். அப்புறம் அமுக்கு. அப்புறம் இழு."

கிளிப்பில் விரல் சரியாகப் பதியவில்லை. அவர் தன் பழைய டெஸ்டரை எடுத்தார். இரும்பு முனை வழுக்கி போர்டில் கீறினால் வளையல் இரண்டும் போச்சு என்று, தானே திரும்ப வைத்துவிட்டார். பேரன் பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்குச் சேர்த்து வைத்திருந்த ஐஸ்க்ரீம் குச்சி ஒன்று கிடைத்தது. மகள் அதை அவரிடமே நீட்டினாள்.

"நீங்களே பண்ணுங்கப்பா."

கையை நீட்டியவர், மடக்கிக்கொண்டார். கொஞ்ச நாளாகவே விரல் நடுங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை. மகள் அதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"நீ பண்ணு. நான் கார்டு அசையாமப் புடிச்சுக்கறேன்."

இரண்டு பகுதியையும் சேர்த்துப் பிடித்து, உள்ளே ஓர் அழுத்து. குச்சியால் கொக்கியின் முனையில் ஒரு அமுக்கு. நீளவாக்கில் லேசாக, மிக லேசாக ஆட்டி ஆட்டி, நேராக ஓர் இழுப்பு. 'டக்'. அரை மணி நேரம் அழவைத்தது பத்து வினாடியில் கையோடு வந்துவிட்டது.

"எதுக்குங்கப்பா இவ்வளவு டைட்டா வெக்கறாங்க?"

"லூசா இருந்தா சூடாகும். சூடானா உருகும். எத்தனை ஜங்ஷன் பாக்ஸ் கருகிப் பாத்திருப்பேன்!"

அவர் சொன்னது இதற்கும் பொருந்தும். அந்த எட்டு பின் வழியாக 150 வாட் வரை போகலாம். வோல்ட் வெறும் 12 என்பதால் ஆம்பியர் அதிகம். 2022-ல் வந்த பெரிய கார்டுகள் சிலவற்றில் 16 பின் கனெக்டர் உருகியது உலகம் முழுக்கச் செய்தியானது. முழுதாக உள்ளே செருகாததும் அதற்கு ஒரு காரணம் என்றார்கள். மகள் அதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அப்படித்தான் ஆகும்" என்றார்.

மிச்ச வேலை மகளுக்குத் தெரிந்ததுதான். இரண்டு ஸ்க்ரூ, ஸ்லாட்டின் கோடியில் இருக்கும் இன்னொரு சின்னத் தாழ்ப்பாள். அதைத் தட்டிவிட்டு கார்டைத் தூக்கி, சாம்பல் நிற ஆன்டி ஸ்டாட்டிக் கவரில் போட்டாள்.

காலை பஸ்ஸில் அப்பாவும் கூடப் போனார். கார்டுப் பெட்டியை கோயம்புத்தூர் வரை மடியிலேயே வைத்திருந்தார். திரும்பி வரும்போது மகள் அவருடைய விரலைப் பற்றிக் கேட்டாள். அடுத்த திங்கட்கிழமை டாக்டரிடம் போவதாக முடிவானது.

பன்னிரண்டு நாள் கழித்து வேறு கார்டு வந்தது. மகள் பெட்டியைப் பிரிக்காமல் காத்திருந்தாள்.

"வாங்கப்பா. எல்.சி. எடுத்தாச்சு."

காபி டம்ளரோடு வந்தவர், அதை மேஜை மேலேயே, திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்தார். மகள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, டம்ளரை எடுத்து மெதுவாக ஸ்டூலில் வைத்தாள்.

"கிளிக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கு கண்ணு" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.