மாரிக்குப்பம் ரயிலுக்கு எத்தனை பெட்டி?

கே.ஜி.எஃப்.-லேருந்து வர்றேன்னு சொன்னா முன்னாடியெல்லாம் "அது எங்கப்பா இருக்கு?"ன்னு கேப்பாங்க. 2018-க்கு அப்புறம் "ஓ, யஷ் படமா?"ன்னு கேக்கறாங்க. ரெண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. இப்ப சொல்லப் போறது படத்தைப் பத்தி இல்லை. ஒரு ரயிலைப் பத்தி. அதுவும் இன்னும் கம்ப்யூட்டர்ல கோடாவே இருக்கற ரயில்.

போன குளிர்காலத்துல ஆரம்பிச்சது இது. இங்க இங்கிலாந்துல டிசம்பர்னா சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும். ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரத்தை என்ன பண்றதுன்னே தெரியாது. கூட வேலை பாக்கற ஒரு பெரியவர் அவர் வீட்டு மாடிக்குக் கூட்டிட்டுப் போய் மாடல் ரயில் லேஅவுட் ஒண்ணைக் காட்டினார். கார்ன்வால் பக்கத்துக் குட்டிக் கிளைப்பாதை. "சின்னப் பையனா நான் ஏறின ரயில் இது"ன்னார். கார்ன்வால் சுரங்கக்காரங்கதான் அந்தக் காலத்துல எங்க ஊருக்குத் தங்கம் தோண்ட வந்தவங்கன்னு சொன்னேன். மனுஷன் அசந்து போயி ரெண்டாவது டீ போட்டுக் குடுத்தார் :-)

அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணியாச்சு. நான் ஏறின ரயிலை நானும் செய்யணும். பங்காருப்பேட்டை - மாரிக்குப்பம்.

தங்கமணி கேட்ட ஒரே கேள்வி: "எந்த ரூம்?" நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு பழைய பெட்டியெல்லாம் போட்டு வச்சிருக்கற சின்ன ரூம்ல ஒரே ஒரு சுவர் ஒதுக்கப்பட்டது. 2.4 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம். கூட ஒரு நிபந்தனையும் உண்டு. ரயில் இன்னொரு சுவருக்குத் திரும்பக் கூடாதாம்.

ஊரைத் தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் கொசுவத்தி சுத்திடறேன். 1880-கள்ல லண்டன்லேருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்து கோலார் தங்கவயல்ல சுரங்க வேலையைக் கையில எடுத்துச்சு. கூலி வேலைக்கு வட ஆற்காட்டுப் பக்கத்துலேருந்து ஜனங்க வந்து குவிஞ்சாங்க. எங்க குடும்பமும் அப்படி வந்ததுதான். அப்பாவை இன்னிக்கும் நைனான்னுதான் கூப்பிடறோம். 1894-ல பங்காருப்பேட்டையிலேருந்து (அப்ப அதுக்குப் பேரு பௌரிங்பேட்டை) மாரிக்குப்பத்துக்கு அகலப்பாதை போட்டாங்க. சுமார் 16 கிலோமீட்டர். வழியில கோரமண்டல், ஊரிகாம், சாம்பியன். கடைசியா மாரிக்குப்பம். அதுக்கு மேல தண்டவாளம் கிடையாது.

சரி, மேட்டருக்கு வருவோம். மாடல் ரயில்னதும் நேரா கடைக்குப் போயி தண்டவாளம் வாங்கினா கைக்காசு போச்சு. முதல்ல சாஃப்ட்வேர்ல வரைஞ்சு பாக்கணும். ஸ்கார்ம், எனிரெயில், எக்ஸ்ட்ராக்கேட்னு பல இருக்கு. நான் எடுத்தது எக்ஸ்ட்ராக்கேட். ஓசி, அதான் காரணம். லினக்ஸ்லயும் ஓடும். கடையில கிடைக்கற தண்டவாளத் துண்டெல்லாம் அளவு மாறாம உள்ள இருக்கும். எடுத்து வச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வேண்டியதுதான். குறைஞ்சபட்ச வளைவு இவ்ளோ, ஏத்தம் இவ்ளோதான்னு முன்னாடியே சொல்லி வச்சுட்டா, அதை மீறின இடத்தை வேற கலர்ல காட்டிக் குடுத்துடும். வரைஞ்சதுமேல ரயிலை ஓட்டியும் பாக்கலாம்.

முதல் அடி கணக்குல விழுந்தது. சுவர் சின்னது, அதனால என் கேஜ் எடுத்தேன். இங்க அதோட அளவு 148-ல ஒரு பங்கு. தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர். நம்ம அகலப்பாதை 1676 மி.மீ., அதை 148-ஆல வகுத்தா 11.3 வரணும். அந்த வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கிட்டு விட்டுட்டேன். ஆனா நீளத்தை அப்படி விட முடியாது. 16 கிலோமீட்டரை 148-ஆல வகுத்தா 108 மீட்டர் வருது. எங்கிட்ட இருக்கறது ரெண்டே கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல!

எல்லா லேஅவுட்டுக்கும் இதே கதிதான். எதை வைக்கறதுன்னு யோசிக்கறதைவிட, எதை விடறதுன்னு யோசிக்கறதுதான் பெரிய வேலை. பங்காருப்பேட்டையை விட்டேன். கோரமண்டலையும் ஊரிகாமையும் விட்டேன். கடைசியில தேறினது மாரிக்குப்பம் ஸ்டேஷன் மட்டும். மிச்ச உலகத்துக்கெல்லாம் சேர்த்து, ஒரு பாலத்துக்குப் பின்னாடி மறைவா ஒரு யார்டு. ரயில் பாலத்துக்கு அடியில போயி மறைஞ்சா பெங்களூரு போயிடுச்சுன்னு நாம நினைச்சுக்கணும்.

கடைசி ஸ்டேஷன்ல இன்னொரு தலைவலி. வந்த எஞ்சின் கழண்டு, பக்கத்து லைன்ல சுத்தி வந்து, மறுமுனையில மாட்டணும். அதுக்கு முனையில ஒரு எஞ்சின் நிக்கற அளவு இடம் வேணும். டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின் 17 மீட்டர், அதாவது மாடல்ல கிட்டத்தட்ட 12 செ.மீ. கொஞ்சம் தாராளமா 13 வச்சேன். ரெண்டு முனையிலயும் பிரியற பாயிண்ட் தலா 12. யார்டு வாசல்ல இன்னொரு 12. வெளியில தெரியற லைன் ஒரு 20. இதெல்லாம் போக மிச்சத்தை பிளாட்பாரத்துக்கும் யார்டுக்கும் சரிபாதியா பிரிச்சா ஆளுக்கு 85 செ.மீ. ஒரு பெட்டி 14.4 செ.மீ. அஞ்சு பெட்டியும் எஞ்சினும் சேர்ந்தா 84 வருது. ஒரு சென்டிமீட்டர் மிச்சம்! அந்த ராத்திரி எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே, ப்ராஜெக்ட் டெலிவரிக்குக்கூட அப்படி இருந்ததில்லை. நிஜ ரயில் இதைவிட ரொம்ப நீளம்தான். அதுக்கென்ன பண்றது.

அடுத்த கேள்வி, எந்த வருஷம்? எக்ஸ்ட்ராக்கேட்ல லேயர்னு ஒரு வசதி உண்டு. கண்ணாடித் தாள்களை அடுக்கினாப்ல ஒண்ணுமேல ஒண்ணு வரையலாம். வேணாங்கறதை ஒரு க்ளிக்குல மறைச்சிடலாம். "1894"-னு ஒரு லேயர், "2000"-னு ஒரு லேயர் போட்டேன். 2000-தான் என் ஆசை. ஷாஃப்டு இரும்புக் கோபுரத்து உச்சியில சக்கரம் சுத்தணும், பின்னாடி சயனைடு மலை நிக்கணும், ஷிஃப்டு முடிஞ்சு ஜனங்க வரணும். மூணாவதா ஒரு லேயருக்கு "அப்புறம்"னு பேர் வச்சேன். அதுல ஒண்ணுமே வரையலை. மறைச்சு வச்சுட்டேன்.

அந்த "அப்புறம்" என்னன்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினாங்க. நைனாவுக்கு அப்ப 48 வயசு. நான் பன்னெண்டாவது எழுதிட்டிருந்தேன். அதுக்கப்புறம் ஊருக்குச் சோறு போட்டது அந்த ரயில்தான். விடியறதுக்கு முன்னாடி கிளம்பி, ஏறக்குறைய 85 கிலோமீட்டர் போயி, பெங்களூருல கிடைச்ச வேலையைச் செஞ்சுட்டு, ராத்திரி திரும்பணும். நைனா ஒரு கட்டடத்துல செக்யூரிட்டி வேலைக்குப் போனார். பன்னெண்டு வருஷம்.

இனிமே எழுதறது தங்கமணிக்குக்கூட இதுவரை சொல்லாதது. எனக்குப் பெங்களூருல காலேஜ் கிடைச்சது. அதே ரயில்தான். நைனா நீலச் சட்டையும் தொப்பியுமா எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில ஏறுவார். நான் கடைசிப் பெட்டிக்குப் போயிடுவேன். "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அங்கதான் இருப்பாங்க நைனா"ன்னு சொல்லியிருந்தேன். அவரும் சரின்னுட்டார். பெங்களூருல இறங்கினா அவர் கூட்டத்தோட வெளியே போற வரைக்கும் பெட்டிக்குள்ளயே நிப்பேன். நாலு வருஷம் இப்படியே. என் ஃபீஸ் அந்தச் சட்டையிலேருந்துதான் வந்தது.

போன மாசம் வீடியோ கால்ல நைனாவுக்கு பிளானைக் காட்டினேன்.

"இன்னாடா இது, கோடு கோடா கீது?"

"மாரிக்குப்பம் ஸ்டேஷன் நைனா. மேலேருந்து பாக்கறாப்ல."

கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டுப் பொறுமையா பாத்தார். "எங்க லைன் எங்க?"ன்னார்.

"எந்த லைன்?"

"கீழ போறதுடா."

சிரிச்சுட்டு கால்குலேட்டரை எடுத்தேன். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தோட ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல, 3,200 மீட்டர்னு வச்சுக்கலாம். 148-ஆல வகுத்தா 21.6 மீட்டர். ஏழு மாடி உயரம். என் போர்டுலேருந்து தரைக்கு ஒரு மீட்டர்தான். நான் பிளான் போட்டதெல்லாம் மேல ஓடற ரயிலுக்கு. அவர் ஆயுசுல பாதி ஓடினது கூண்டுல நின்னபடி நேரா கீழ போற பாதையில. அடியில பாறைச் சூடு 60 டிகிரிக்கு மேல. வேலை முட்டுக் குடுக்கறது. கீழ பாறை வெடிச்சா வீட்டுல பாத்திரம் உருளும். அம்மா அப்படியே வாசலைப் பாத்து உக்காந்திருப்பாங்க. இதுல எந்த மில்லிமீட்டரும் என் பிளான்ல இல்லை.

"அதை வைக்க முடியாது நைனா. வீட்டுல அவ்ளோ பள்ளம் இல்லை."

"வுடு. மேல இருந்து பாக்கறவனுக்கு அது எப்பவும் தெரியாது." அப்புறம் கேட்டார், "ரயிலுக்கு எத்தினி பொட்டி?"

"அஞ்சு. அதுக்கு மேல சுவர் இல்லை."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நெட்டு கட் ஆயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் சிரிச்சார்.

"அஞ்சு பொட்டில நீ எங்கடா போயி ஒளிஞ்சுப்ப?"

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. இத்தனை வருஷமா தெரியாதுன்னு நினைச்சிட்டிருந்தேன். "நைனா..."ன்னு ஆரம்பிச்சேன். அவர் அதுக்குள்ள, "வயசுப் பையன், அப்படித்தான் இருப்பான். பிளாட்பாரத்தாண்ட டீக்கடை ஒண்ணு வையி. விடியக்காலை இருட்டுல அது ஒண்ணுதான் வெளிச்சம்"னுட்டு போனை அம்மாகிட்ட குடுத்துட்டார்.

அன்னிக்கு ராத்திரி சாஃப்ட்வேரைத் திறந்து "2000" லேயரை மறைச்சேன். "அப்புறம்" லேயரைத் திறந்து வரைய ஆரம்பிச்சேன். சக்கரம் இனி சுத்தாது, அதனால அந்த மோட்டார் செலவு மிச்சம். சயனைடு மலை அப்படியே இருக்கும். சலிச்ச மணல் போதும். அதிகாலை இருட்டு, டீக்கடையில ஒரு மஞ்சள் பல்பு. எஞ்சினுக்கு அடுத்த பெட்டி வாசல்ல நீலச் சட்டையில ஒரு ஆள். என் கேஜ்ல ஆள் உயரம் ஒண்ணேகால் சென்டிமீட்டர்கூட வராது. பெயிண்ட் அடிக்க பூதக்கண்ணாடி வேணும். அவர் பக்கத்துல ஒரு காலேஜ் பையனையும் நிக்க வச்சிருக்கேன்.

வேணும்னா வெளியில தெரியற லைனைக் குறைச்சு இன்னொரு பெட்டி சேர்த்திருக்கலாம். சேர்க்கலை. அஞ்சே போதும்.

பி.கு: நாளைக்குப் பலகை வாங்கப் போறேன். இதைப் படிச்சிட்டுத் தங்கமணி ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அடுத்த தடவை மாமா வரும்போது அந்த ரூம்லயே படுக்கட்டும், ரயிலைப் பாத்துட்டே தூங்குவாரு"ன்னு மட்டும் சொன்னா.