குவைத் பணியாரம்

அரபு மொழியில் 'லுக்மா' என்னும் சொல்லுக்குக் கவளம் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த 'லுகைமாத்' என்பதனைச் சிறுகவளங்கள் எனத் தமிழாக்கலாம். புளித்த மாவைச் சிறு உருண்டைகளாக எண்ணெயில் பொரித்துப் பாகில் தோய்த்தெடுக்கும் இனிய பண்டம் அது. 'லுக்மத்துல் காழி', அதாவது நீதிபதியின் கவளம், என்றும் அதற்கொரு பெயருண்டு. நீதிபதிக்கும் பண்டத்திற்கும் என்ன உறவு என்பது பற்றிக் கதைகள் பல வழங்குகின்றன. கதைகளை விடுத்து நூலை நோக்குவோம். 1226ஆம் ஆண்டில் முகம்மது இப்னு ஹஸன் அல்பகுதாதீ தொகுத்த சமையல் நூலில் இப்பண்டம் இடம்பெற்றுள்ளது. அங்கே இது எள்ளின் நெய்யில் பொரிக்கப்படுகிறது. எள் நெய்யே எண்ணெய் ஆயிற்று என வகுப்பறையில் கற்ற மாணவர்க்கு இச்செய்தி தனிச்சுவை தருமன்றோ! துருக்கியர் 'லொக்மா' என்பதும், கிரேக்கர் 'லுக்குமாதெஸ்' என்பதும் இதனையே. மேனாட்டு 'டோனட்' இதற்குத் தூரத்து உறவு எனலாம்.

செய்முறை எளிது, பொறுமைதான் அரிது. இரண்டு குவளை மைதா மாவுக்கு ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, சிறிது ஏலப்பொடி, வெதுவெதுப்பான நீர் ஒன்றேகால் குவளை. இது சப்பாத்திக்குப் பிசையும் பதமன்று. போண்டா மாவினும் சற்று இழுவையாகக் கையால் அடிக்கும் பதம். அடிக்க அடிக்க மாவு வலைபோல் இழைகொள்ளும். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு கரியமிலவாயுவை வெளிவிட, அவ்வாயு வலைக்குள் சிக்கி மாவை உயர்த்தும். ஈரத்துணியால் மூடிவைத்தால் ஒரு மணி நேரத்தில் இரு மடங்காகும். சித்திரை வெயிலில் முக்கால் மணியே போதும். மார்கழிக் குளிரில் இரண்டு மணியும் ஆகலாம். இடையில் திறந்து திறந்து பார்ப்பதால் ஆவது ஒன்றுமில்லை.

பின்னர் இடக்கையில் மாவை அள்ளிப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி, நீரில் நனைத்த கரண்டியால் வழித்து எண்ணெயில் விடவேண்டும். எண்ணெய் சரியான சூட்டில் இருந்தால் மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியே சீறும். சீறும் ஆவி எண்ணெயை உள்ளே விடாது. சூடு தணிந்தால் ஆவி வலுவிழக்க, பண்டம் எண்ணெய் குடித்துவிடும். சூடு மிகுந்தாலோ மேலே சிவந்து உள்ளே மாவாகவே நிற்கும். கண்ணகப்பையால் இடைவிடாது கிளறினால்தான் எல்லாப் பக்கமும் ஒரே நிறம் வரும். பாக்கின் அளவுக்கு மேல் போகலாகாது; பெரிதானால் நடுப்பகுதி வேகாது. டோனட்டின் நடுவே துளையிட்டதும் அதன் பொருட்டே என்பர். 1847இல் ஹான்சன் கிரகரி என்னும் மாலுமி அத்துளையைக் கண்டதாக அமெரிக்கர் பெருமை பேசுவதுண்டு. நம் உளுந்துவடைக்குத் துளையிட்ட பாட்டியார்க்கு அப்படியொரு புகழ் வாய்க்கவில்லை.

இக்கலையை இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூரில் இருந்த எங்கள் இல்லத்திற்குக் கொணர்ந்தவர்கள் எங்கள் வாப்பா. 1977 முதல் பதின்மூன்று ஆண்டுகள் அவர்கள் குவைத்தில் இருந்தார்கள். கம்பெனியில் வேலை என்று கடிதங்கள் கூறின. ஊரும் அவ்வாறே கூறிற்று. இரண்டாண்டுக்கு ஒருமுறை இரு மாத விடுப்பில் வருவார்கள். உடன்பிறந்த எங்கள் மூவர்க்கும் வாப்பா என்பது பெரும்பாலும் ஒலிநாடாவில் வரும் குரலே. நேரில் வரும்பொழுது விருந்தாளியிடம் பேசுவது போல்தான் பேசுவோம்.

1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தில் நுழைந்தது. சில வாரங்களில் குவைத் தினார் செல்லாது என அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஏர் இந்தியா வானூர்திகள் ஜோர்தானின் அம்மான் நகரிலிருந்து ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியரைத் தாயகம் சேர்த்தன. அவர்களுள் வாப்பாவும் ஒருவர். பஸ்ராவையும் பகுதாதையும் பேருந்தில் கடந்து, பாலைவனக் கூடாரத்தில் பல நாள் காத்திருந்து, பம்பாய் வழியாக ஊர் வந்தபோது கையில் இருந்தது ஒரு துணிப்பை. நீதிபதியின் கவளத்தை நூலிலேற்றிய மாநகரை அவர்கள் பேருந்துச் சாளரத்தின் வழியே இரவில் கண்டதோடு சரி.

அதன்பின் ஐந்து திங்கள் திண்ணையே கதி. கடன் கொடுத்தவர் வந்து போயினர். பத்தாம் வகுப்பில் இருந்த தங்கையை அடுத்த ஆண்டு நிறுத்திவிடலாம் என்னும் பேச்சும் வீட்டில் எழுந்தது. 1991 மார்ச்சில் நோன்பு வந்தது. முதல் வாரத்தில் ஒருநாள், அஸருக்குச் சற்று முன் வாப்பா எழுந்து அடுப்படிக்குள் சென்றார்கள். இராமநாதபுரம் பேக்கரியிலிருந்து ஈஸ்ட்டை முன்னமே வாங்கி வைத்திருந்தார்கள் போலும். பேரீச்சம்பழப் பாகுக்கு எங்கே போவது? கருப்பட்டியைக் காய்ச்சி வடித்தார்கள். நோன்பு திறந்த வேளையில் நாங்கள் ஆளுக்கொன்று எடுத்தோம். உம்மா ஒன்றும் பேசாது மறுமுறை கை நீட்டினார்கள்.

மூன்றாம் நாள் பள்ளிவாசல் தெரு முனையில் வாணலி ஏறியது. ரூபாய்க்கு ஐந்து. 'குவைத் பணியாரம்' என்று பிள்ளைகள் பெயர் சூட்டினர். அன்றே பெரியவாப்பா சினந்து வந்தார்கள்.

"சபுருக்குப் போய் வந்தவன் தெருவில் பணியாரம் சுட்டு விற்பதா? ஊர் என்ன சொல்லும்?"

வாப்பா கண்ணகப்பையை நிறுத்தவில்லை.

"காக்கா, அங்கேயும் இதைத்தான் செய்தேன். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அருகே தாள் கிழித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த எங்களுக்கும் அப்பொழுதுதான் தெரிந்தது. பெரியவாப்பா சிறிது நேரம் நின்று, வந்த வழியே திரும்பினார்கள்.

மறுநாள் முதல் மாவு உயரும் அந்த ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் வேறுவிதமாக ஆயிற்று. வாப்பா பேசினார்கள். அவர்கள் வேலை பார்த்தது ஒரு பெரிய குடும்பத்தின் சமையற்கட்டில். விரல்களுக்கிடையே மாவைப் பிதுக்கக் கற்பித்தவர் அவ்வீட்டு மூதாட்டியார். தவறினால் கையில் தட்டுவாராம், சரியானால் 'மகனே' என்பாராம். வீட்டார் அனைவர்க்கும் பொரித்து முடித்து, பேரீச்சம்பழம் ஒன்றும் நீரும் கொண்டு நின்றபடியே நோன்பு திறந்த மாலைகள் எத்தனையோ. உறங்கியது மாடிப்படியின் கீழிருந்த சிற்றறையில். ஒலிநாடாவில் எங்களுக்குப் பேசியதும் அங்கிருந்துதான். பிறர் விழிக்காதவாறு தாழ்ந்த குரலில். அக்குரல் ஏன் அப்படித் தாழ்ந்திருந்தது என்று நாங்கள் எண்ணியதுண்டு, கேட்டதில்லை. வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த வீடுகளில் அது வந்த வழியைப் பற்றிப் பேசும் வழக்கம் எங்கள் ஊரில் அன்று இல்லை. இன்றும் மிகுதி என்று கூறுவதற்கில்லை.

நோன்பு கழிந்த பின்னும் வாணலி இறங்கவில்லை. மாலைதோறும் வடையும் அதனுடன் சேர்ந்தது. கடன் தீர நான்கு ஆண்டுகள் ஆயின. தங்கை படிப்பை விடவில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியிலும் சேர்ந்தாள். மறு ஆண்டு நோன்பில் பெரியவாப்பா வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி வந்தது; பாகு சற்றுக் கூடுதலாக வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

வாப்பா 2009இல் வஃபாத்தானார்கள். இன்று ஈஸ்ட் எங்கள் ஊர் மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. தங்கை வீட்டில் ஒவ்வொரு நோன்பிலும் மாவு அடிக்கப்படுகிறது. பாகு இன்னும் கருப்பட்டிதான். முதல் ஈடு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு. எங்களுக்குக் கிட்டுவது இரண்டாம் ஈடு.