நெம்மேலிக் கரையில் ஒரு வேளைச் சாப்பாடு



விடுமுறை நாளொன்றின் காலையில், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் ஏறிப் பாருங்கள். நம் குடும்பங்களை உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள். மடியில் கனத்த அடுக்குப் பாத்திரம் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் தாயின் கண்களில் உறக்கம் மிச்சமிருக்கும். பஜ்ருக்கு முன்பே எழுந்து புளிச்சோறு கிளறி, முட்டை அவித்து, ஒன்பது பேருக்குப் பொட்டலம் கட்டியவர் அவர். எல்லோருக்கும் அது உல்லாசப் பயணம். அவருக்கு மட்டும் சமையலறை இடம்பெயர்ந்திருக்கிறது.

கேட்டால் இரண்டு காரணங்கள் சொல்வோம். வெளியில் ஹலாலாகக் கிடைக்குமோ என்ற ஐயம் ஒன்று. கட்டுப்படியாகுமோ என்ற அச்சம் மற்றொன்று. இரண்டும் நியாயமானவையே. ஆயினும் நெம்மேலியை ஒட்டிய இந்தக் கடற்கரையில் இவ்விரண்டிற்கும் விடை இருக்கிறது என்பதைத் தாய்மார்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோ மீட்டர் தெற்கே, கோவளத்தைத் தாண்டி, மாமல்லபுரத்தை எட்டுமுன் வருவது நெம்மேலி. கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். பக்கத்து வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையைக் காணப் பிள்ளைகள் துடிப்பார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் இவ்வூரில்தான் உள்ளது. 2013-இல் திறக்கப்பட்ட முதல் நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடையது. 2024-இல் திறக்கப்பட்ட இரண்டாவது 15 கோடி லிட்டர் திறனுடையது. அந்த நீர் சென்னைக் குழாய்களுக்குப் போகிறது. சாலையோரக் கடைக்காரர்களோ கேன் தண்ணீரை விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆகையால் குடிநீரை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள், அது சுமையாகாது.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். இந்தச் சாலையில் கண்ணாடிக் கதவுகள் பூட்டிய பெரிய உணவகங்கள் பல உண்டு. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. நான் சொல்வது, மீனவக் குடும்பத்துப் பெண்கள் கீற்றுக் கொட்டகையிலும் தள்ளுவண்டியிலும் நடத்தும் மீன் வறுவல் கடைகளை. அல் மாயிதா அத்தியாயத்தின் 96-ஆம் வசனத்தை நினைவுகூருங்கள். கடலில் கிடைக்கும் உணவை நமக்கு ஆகுமாக்கிய வல்ல அல்லாஹ், அதே வசனத்தில் பயணிகளையும் சேர்த்தே குறிப்பிட்டிருக்கிறான். மீனுக்கு அறுப்பு வேண்டியதில்லை. பிடித்தவர் யார், விற்பவர் யார் என்று துருவ வேண்டியதுமில்லை. வழிப்போக்கருக்கு இதைவிட எளிய ஏற்பாடு ஏது?

ஆனால் சட்டியைப் பாருங்கள். மீன் வறுக்கும் எண்ணெயிலேயே கோழித் துண்டுகளையும் பொரிக்கும் கடைகள் இருக்கின்றன. அந்தக் கோழி எப்படி அறுக்கப்பட்டது என்பது தெரியாதபோது, அதன் எண்ணெயில் பொரிந்த மீனும் ஐயத்துக்கு உரியதாகிவிடுகிறது. மீன் மட்டுமே விற்கும் கடையாகத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ருஷ்ய நகரங்களில் ‘ஸ்தலோவயா’ எனப்படும் மலிவு உணவுக்கூடங்கள் உண்டு. பரிமாறும் மேடையில் இருப்பதைக் கண்ணால் பார்த்து, தட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகே பணம் கொடுப்பார்கள். நம் கடற்கரைக் கடைகள் ஒரு படி மேல். இங்கே அடுப்பே உங்கள் கண் முன்னால்தான் எரிகிறது. எண்ணெய் கறுத்திருந்தால் பேசாமல் அடுத்த கடைக்கு நடந்துவிடலாம்.

கோழியோ ஆட்டுக்கறியோ வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால், கடைக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள். “பாய் கடைக் கறிதாங்க” என்ற பதில் பெரும்பாலும் தயாராக வரும். நம்மவர் மனம் நோகக் கூடாதென்று சொல்லும் பதிலாகவும் அது இருக்கலாம். எந்தக் கடை என்று இன்னொரு கேள்வி கேட்பதில் தவறில்லை. தெளிவு கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பக்கத்திலேயே மீன் இருக்கிறதே!

எந்த மீன் என்பதிலும் சிக்கனம் உண்டு. வஞ்சிரமும் வவ்வாலும் பணக்கார மீன்கள். நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவை பையைக் கடிக்காதவை, சுவையில் சளைத்தவையுமல்ல. முள்ளுக்கு அஞ்சும் சிறுவர்களுக்குக் கிழங்கானை உதிர்த்துக் கொடுக்கலாம். கண் தெளிந்து, செவுள் சிவந்திருந்தால் அது புதுமீன். மசாலா தடவி அடுக்கிவிட்ட பிறகு இதைக் காண்பது கடினம். எனவே தடவாத மீனைக் காட்டச் சொல்லுங்கள். சட்டியில் போடுமுன் விலையைக் கேட்டுவிடுங்கள். கேட்டு ஒப்புக்கொண்ட பின் பேரம் பேசாதீர்கள், அந்த அக்காவின் அன்றைய அடுப்பும் அதில்தான் எரிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாட்களில் சிறு படகுகளின் மீனே கரைக்கு வருவதால் விலை ஏறியிருக்கும்.

ஒரே பாயில் அமர்ந்து உண்ணும் குடும்பத்திலும் மத்ஹபு வேறுபடலாம். ஷாஃபிஈ வழியினர் கடம்பாவையும் இறாலையும் தயங்காமல் உண்பார்கள். ஹனஃபி வழியில் மீன் மட்டுமே ஆகும், கடம்பா ஆகாது. இறால் மீனா இல்லையா என்பதில் ஹனஃபி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மாலையாகிவிடும்; உங்கள் ஊர் ஆலிமிடம் முன்னரே கேட்டு வாருங்கள். சம்பந்தி வீட்டாரோடு வந்திருந்தால், எல்லோருக்கும் பொதுவான மீனோடு நிறுத்திக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது!

சோறும் பிரியாணியும் வேண்டுவோர் கோவளத்தில் இறங்கலாம். ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் துறைமுகமாக விளங்கிய ஊர் அது. அதன் கோட்டை 1752-இல் ராபர்ட் கிளைவின் படையிடம் வீழ்ந்தது. தமீமுல் அன்சாரி அவர்களின் பெயரால் அமைந்த தர்கா அங்குள்ளது. அதைச் சுற்றி நம்மவர் நடத்தும் சிறு உணவகங்களில் கேள்வியின்றிக் கறிச்சோறு உண்ணலாம். மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெருவின் விலைகள் வெளிநாட்டாரை நோக்கியவை. பேருந்து நிலையப் பக்கத்துச் சைவச் சாப்பாடே நமக்கு ஏற்றது.

தொழுகையையும் கணக்கில் வையுங்கள். சென்னையிலிருந்து வருவோருக்கு இது கஸ்ர் செய்யும் தொலைவன்று. கோவளம் பள்ளிவாசலில் ளுஹரை முடித்துக்கொண்டு நெம்மேலிக்கு வந்தால், மீன் சாப்பாட்டுக்குப் பசியும் நேரமும் பொருந்தி வரும்.

இன்னொன்று. கடை சாலைக்கு மறுபுறம் தெரிகிறதென்று பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். இச்சாலையில் வாகனங்கள் பறக்கின்றன. கடல் இருக்கும் பக்கத்திலேயே ஒரு கடையைத் தேடிக்கொள்ளுங்கள்; திரும்பும்போது சென்னைப் பேருந்து எந்தப் பக்கம் நிற்கும் என்பதைக் கடைக்கார அக்காவிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.